பேக்கரி மாடி

திருப்பூருக்கு எங்கள் கையில் பெயர்
கழுத்துப் பட்டையை இரண்டு விரலால் இழுத்துவிடுவது.
ஈரோடு என்றால் கன்னத்தில் மஞ்சள் தேய்ப்பது.
சென்னியப்பன் அண்ணனுக்குப் பெயர்
இடக்கையில் இல்லாத இரண்டு விரல்.
கட்டிங் மிஷின் தின்றதிலிருந்து
அவர் பேச்சில் ஒரு கொச்சை,
பழகியவர்களுக்குப் புரியும்.

மங்கலம் ரோட்டில் பேக்கரிக்கு மேலே ஒரு கூடம்.
ஞாயிறு நாலு மணிக்குத் திறப்போம்.
வட்டமாக முப்பது பிளாஸ்டிக் நாற்காலி,
யார் முதுகும் யாரையும் மறைக்கக் கூடாது.
கூப்பிட வேண்டுமென்றால் ஸ்விட்சைத் தட்டு,
இல்லாவிட்டால் தரையை மிதி.
மிதித்தால் கீழே தேங்காய் பன் தட்டு ஆடுகிறதாம்.
பேக்கரிக்காரர் ஏறி வந்து
'சித்தெ மெதுவாங்கோ' என்பார்.
அந்த உதட்டை எங்கள் எல்லாருக்கும் படிக்கத் தெரியும்.

ஆறு நாள் நான் கம்பெனியில் ஊமைச்சி.
செக்கிங் டேபிளில் தலை குனிந்தால்
ஓட்டை, கறை, விட்டுப்போன தையல்.
லைன் லீடர் வாயசைப்பில் பாதி புரியும்,
மீதிக்குத் தலையாட்டி வைப்பேன்.
ஏழாம் நாள் படியேறினால்
நான்தான் அங்கே வாயாடி.

வைகாசியில் கட்டிடத்துக்காரர் ஒரு தாள் கொடுத்தார்.
ஆடி முடிவதற்குள் காலி.
லிப்ட் வைத்து நகைக்கடை வருகிறதாம்.

தர்ஷனுக்கு இருபத்திரண்டு வயது,
கண்ணிமைத்தால் அவன் பேச்சில் பாதி போய்விடும்.
'வாடகை எதற்கு? கரண்ட் பில் எதற்கு?
போனிலேயே எல்லார் முகமும் வருமே,
கோபியிலிருந்து யாரும் பஸ் ஏற வேண்டாமே' என்றான்.
பொய்யில்லை.
நானும் இரவு பதினொன்றுக்குத்
தலையணையில் போனைச் சாய்த்து வைத்துத்தான்
ரஹமத் நிஷாவிடம் புலம்புகிறேன்.
சென்னியப்பன் அண்ணன் தன் போனை எடுத்து
வலக்கையில் பிடித்துக் காட்டினார்.
இடக்கை முன்னால் வந்தது:
'பேச மிச்சம் மூணு விரல்.'
சிரிக்கத்தான் சொன்னார்.
யாரும் சிரிக்கவில்லை.

மயிலாத்தாள் எழுந்து ஜன்னலைக் காட்டினாள்.
போன வருசம் ஐப்பசி மழையில்
கீழே ரோட்டில் நனைந்துகொண்டு நின்ற பையன்,
ஒடிசாவிலிருந்து சாயப்பட்டறைக்கு வந்தவன்,
மேலே கண்ணாடியில் கைகள் அலைவதைப் பார்த்துச்
செருப்போடு ஏறி வந்துவிட்டான்.
தமிழில் ஒரு சொல் தெரியாது அவனுக்கு.
அதில் எங்களுக்கென்ன நஷ்டம்?
இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கையை மாற்றி மாற்றி
ஒரு பன் தின்று முடிப்பதற்குள்
ஊர், அம்மா, தங்கச்சி கல்யாணம்,
மேஸ்திரி பிடித்து வைத்த இரண்டு வாரக் கூலி
எல்லாம் சொல்லிவிட்டான்.
மயிலாத்தாள் கேட்டாள்:
'அவன் எந்த நம்பரைப் பார்த்து வந்திருப்பான்?'

தர்ஷனின் கைகள் கொஞ்ச நேரம் மடியில் கிடந்தன.
பிறகு மெதுவாக எழுந்தன:
'ரோட்டைப் பார்த்த ஜன்னலுக்கு
வாடகை என்ன தெரியுமா?'
ரஹமத் நிஷா நோட்டை விரித்தாள்.
தலைக்கு இருநூறு. போதாது.
முந்நூறு. போதாது.
நானூறு என்று எழுதி, யார் முகத்தையும் பார்க்காமல் அடித்தாள்.

எங்களுக்கு 'வர்றேன்' சொல்லவே ஒரு மணி நேரமாகும்.
நாற்காலி அடுக்கும்போது ஒன்று,
படியில் ஒன்று,
பேக்கரி ட்யூப்லைட்டின் கீழே இன்னொன்று,
அவர் அதை அணைக்கும்வரை.
அப்புறம் பஸ் ஸ்டாண்டின் பெரிய விளக்கு.
அதை யாரும் அணைப்பதில்லை.

கோபிக்குக் கடைசி வண்டி.
ஏற்றிய கண்ணாடிக்கு உள்ளே மயிலாத்தாள், கீழே நான்.
பக்கத்தில் ஒருவர் கழுத்து நரம்பு புடைக்க
அதே பஸ்ஸுக்குள் எதையோ கத்துகிறார்,
உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி
காதைக் காட்டிக் கையை விரிக்கிறாள்.
நாங்கள் சாவகாசமாக மருமகளைப் பற்றிப் பேசினோம்.

வண்டி பின்னால் வந்து திரும்பும்போது
அவள் கேட்டாள்: 'ஆவணி முதல் ஞாயிறு எங்கே?'

இரண்டு கையையும் தூக்கினேன்.
குறுக்கே காங்கேயம் பஸ் வந்து நின்றது.
அதன் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டே
சொல்லி முடித்தேன்.